கோணல் பொந்து

மலைக்காட்டில் பொன்னலகன் என்றொரு ஆண் இருவாட்சி இருந்தது. அது சிறகடித்தால் அடுத்த சரிவு வரை சத்தம் கேட்கும். மஞ்சள் அலகை நிமிர்த்திக்கொண்டு கிளையில் வந்து உட்கார்ந்தால், மற்றப் பறவைகள் ஒதுங்கி இடம் விடும்.

முட்டையிடும் காலம் வந்தது. இருவாட்சிகள் கூடு கட்டுவதில்லை. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். அலகு நீட்ட ஒரு பிளவு மட்டும் இருக்கும். அதன் வழியாக ஆண் பறவை பழம் ஊட்டும்.

“நம் பொந்து எப்படி இருக்கும் தெரியுமா? வாசல் முழுநிலா மாதிரி வட்டம்! தரை தாமரை இலை மாதிரி சமம்! எதிரிலேயே அத்திமரம்!” என்றது பொன்னலகன்.

“அப்படி ஒன்றை எங்கே பார்த்தீர்கள்?” என்று கேட்டது அதன் துணை மைவிழி.

“கண்ணை மூடினால் தினமும் பார்க்கிறேனே!”

இரண்டும் தேடிப் புறப்பட்டன. வேங்கை மரத்துப் பொந்தின் வாசல் சற்று நீளமாக இருந்தது. “வேண்டாம்!” என்றது பொன்னலகன். தான்றி மரத்துப் பொந்தில் ஒரு பக்கம் சொரசொரப்பு. “இதுவும் வேண்டாம்!”

வேறு நல்ல பொந்து கிடைக்காமல் அவற்றுக்கே திரும்பி வந்தபோது ஒன்றில் ஆந்தையும் மற்றொன்றில் பறக்கும் அணிலும் குடியேறியிருந்தன.

மைவிழிக்கு வயிறு கனத்தது. மிஞ்சியது ஒரு நாவல் மரத்துப் பொந்துதான். அதன் வாசல் கோணல், அகலமும் அதிகம். தரையோ ஆழத்தில் கிடந்தது.

“இதிலா? காடே சிரிக்கும்!” என்று கத்தியது பொன்னலகன்.

“நீங்கள் மனதில் பார்க்கும் பொந்தில் நான் முட்டையிட முடியுமா? எனக்கு மரம் வேண்டும்!” என்று சொல்லிவிட்டு மைவிழி உள்ளே குதித்தது.

பொன்னலகன் கோபித்துக்கொண்டு பறந்தது. மலை முழுக்கச் சுற்றியது. நிலா வாசல் எங்கும் இல்லை. சாயங்காலம் சோர்ந்து திரும்பியபோது நாவல் மரத்தில் ஓர் உடும்பு ஏறிக்கொண்டிருந்தது!

“யாரடா அது?” என்று பொன்னலகன் பாய்ந்து அதன் முதுகில் கொத்தியது.

உடும்பு சரசரவென்று இறங்கியது. “வாசல்தான் இவ்வளவு பெரிதாக இருக்கிறதே! நீ இல்லாதபோது வந்துகொள்கிறேன்!” என்று சிரித்துவிட்டுப் புதருக்குள் போனது.

பொன்னலகனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்போதுதான் அந்தப் பொந்தை அது சரியாகப் பார்த்தது.

“மைவிழி! தரை ஆழமென்றால் மரப்பட்டை போட்டு உயர்த்தலாம். கோணல் பக்கம் மண்ணைத் தடிமனாக அப்பலாம்!”

“கொண்டு வாருங்கள்! நான் பூசுகிறேன்!”

ஓடைக்கரையிலிருந்து பொன்னலகன் மண் சுமந்தது. முதலில் பூசியது பொலபொலவென்று உதிர்ந்தது. பிறகு மண்ணோடு அத்திப்பழச் சதையைக் குழைத்து மைவிழி பூசியது. அது காய்ந்து கல்லாய் இறுகியது.

பொன்னலகன் பழம் பறிக்கப் போன ஒரு மதியம் உடும்பு மறுபடி வந்தது. நகத்தால் பிராண்டியது. சுவர் அசையவில்லை. பிளவில் மூக்கை நுழைத்தது. உள்ளேயிருந்து மைவிழி ஓங்கி ஒரு கொத்து! “ஐயோ!” என்று உடும்பு தொப்பென்று கீழே விழுந்து ஓடியது. அதன் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

முட்டை பொரிந்து குஞ்சு வளர்ந்தது. ஒரு காலையில் சுவரை உடைத்துக்கொண்டு தாயும் குஞ்சும் வெளியே வந்தன. பார்க்க வந்து கூடிய பறவைகளில் ஒரு கிளி, “வாசல் என்ன இப்படிக் கோணலாக இருக்கிறது?” என்று கேட்டது.

“கோணல்தான்!” என்றது பொன்னலகன், மார்பை விரித்துக்கொண்டு. “ஒவ்வொரு மண் உருண்டையும் நான் சுமந்தது, மைவிழி பூசியது. எவ்வளவு உறுதி என்று அந்த உடும்பைக் கேட்டுப் பார்!”

இல்லாத முழுமைக்காகக் காத்திருப்பதில் பெருமை இல்லை. கிடைத்ததன் குறையை நம் உழைப்பால் சரிசெய்வதில்தான் பெருமை இருக்கிறது.