அனுப்பிய முடிப்பும் வராத சாப்பாடும்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் முத்தாறு நாட்டை மாறவேள் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். அவர் நாட்டை ஆண்டார், அவரை அவர் வயிறு ஆண்டது. தங்கமான மனுஷர்தான். பசி வந்துவிட்டால் மட்டும் ஆளே வேறு.

அந்த ராஜாவுக்கு வாணிகக் கப்பல் விட ஆசை வந்தது. குடிமக்கள் பணம் போட்டார்கள். வருஷா வருஷம் லாபப் பங்கைப் பண முடிப்பாகக் கட்டி, அஞ்சல்காரன் கையில் வீடு தேடி அனுப்புவதாக ராஜா வாக்குக் கொடுத்தார். நெடுங்குளத்தில் செக்கு வைத்திருந்த ஒச்சாயியும், புருஷன் போனபின் தாலிக்கொடியை விற்றுப் பணம் போட்டிருந்தாள். இந்த வருஷம் முடிப்பு வரவில்லை. போதாக்குறைக்குச் செக்குமாடும் செத்துப்போயிற்று. வேறு மாடு வாங்காவிட்டால் செக்கு கடன்காரன் கைக்குப் போய்விடும். அதனால் சபைக்கே வந்துவிட்டாள்.

கருவூலத் தலைவர் குவளைநாதர் மீசையைத் தடவிக்கொண்டார். அமைச்சர் வெண்ணாவலாரின் ஆசனத்தின் மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

"முடிப்பை அனுப்பியாயிற்று மன்னா. வழியில் ஆறு கொண்டுபோயிருக்கும், இல்லை, கள்ளன் பறித்திருப்பான். அனுப்பினாலே கொடுத்த மாதிரிதான். இனி அது அவள் பாடு."

"என் கைக்கு வரலியே சாமி" என்றாள் ஒச்சாயி.

ராஜாவுக்குப் பசி கிள்ளியது. "அனுப்பினால் கொடுத்ததுதான். இனி இதுவே சட்டம். சபை கலையலாம்."

"எல்லாருக்குமா மன்னா?" என்று கேட்டார் வெண்ணாவலார்.

"எல்லாருக்கும்தான்."

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். மடைப்பள்ளியிலிருந்து ராஜாவின் சாப்பாடு கிளம்பியதும் சங்கு ஊதுவார்கள். ஊதியபின் அடுப்பை அணைத்துவிட்டால் பொழுது சாயும்வரை பற்றவைக்க மாட்டார்கள். மறுநாள் சங்கு கேட்டது. ராஜா கை கழுவிவிட்டு இலை முன்னால் உட்கார்ந்தார். சோறு வரவில்லை. காது அடைத்தது, தலை சுற்றியது. சமையல்காரரைக் கூப்பிட்டனுப்பினார்.

"அனுப்பிவிட்டேனே மன்னா. வழியில் காக்கை கொத்தியதோ, நாய் இழுத்ததோ. அனுப்பினால் கொடுத்ததுதான் என்று நேற்று தாங்களே சொன்னீர்கள். ஆகவே தாங்கள் சாப்பிட்டாயிற்று."

அமைச்சரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த கருவூலத் தலைவர் பக்கம் ராஜா திரும்பினார். "குவளைநாதரே, நான் சாப்பிட்டுவிட்டேனா?"

குவளைநாதர் அவசரமாகத் தலையாட்டி மறுத்தார். "அதெப்படி மன்னா? சோறு தங்கள் கைக்கு வந்து சேர்ந்தால்தானே..." பாதியிலேயே வாயை மூடிக்கொண்டார்.

வெண்ணாவலார் எழுந்தார். "ஒச்சாயி பணத்தைப் போட்டது நம்மை நம்பி, மன்னா. அஞ்சல்காரனை நம்பி இல்லை. ஆளையும் வழியையும் பார்த்து அனுப்பியது நாம். தொலைந்தால் நஷ்டமும் நம்முடையதுதான். முதலில் அவளுக்கு வேறு முடிப்பைக் கொடுப்போம். தொலைந்ததை அப்புறம் நாம் தேடிக்கொள்ளலாம்."

வெறும் இலையைப் பார்த்துக்கொண்டே ராஜா கேட்டார்: "என் மீன் குழம்பு எங்கேய்யா?"

"சத்திரத்தில் ஒச்சாயி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அங்கே கொண்டுபோகச் சொன்னது நான்தான்" என்றார் வெண்ணாவலார்.

"நன்றாக இருக்கிறதாமா?"

"உப்பு கொஞ்சம் தூக்கலாம்."

பசியோடு இருந்த ராஜாவே சிரித்துவிட்டார். வெட்கமாகவும் இருந்தது. நேற்றைய சட்டத்தை அங்கேயே ரத்து செய்து, தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டார். "குவளைநாதரே, புது முடிப்பை நீரே சுமந்து போய்க் கொடும். வந்து சேர்ந்தது என்று அவள் வாயால் சொல்லும்வரை இந்தப் பக்கம் தலைகாட்டாதீர்."

வேகாத வெயிலில் நெடுங்குளம் போய்ச் சேர்ந்த குவளைநாதர் முடிப்பை நீட்டினார். ஒச்சாயி வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

"வந்து சேர்ந்தது என்று சொல்லிவிடம்மா, நான் கிளம்புகிறேன்."

"காசு நல்ல காசான்னு மாடு வாங்கினாத்தானே தெரியும்? நாளைக்குச் சந்தை. இருந்து சாப்பிட்டுட்டு எங்கூட வாங்க சாமி."

மறுநாள் பட்டு அங்கவஸ்திரம் புழுதியில் புரள, புது மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார் கருவூலத் தலைவர். ஊரே வேடிக்கை பார்த்தது. மாட்டைச் செக்கில் பூட்டி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தபிறகுதான் ஒச்சாயி முகம் மலர்ந்தது.

"இப்பத்தான் சாமி வந்து சேர்ந்துச்சு. நீங்க கிளம்புங்க."