ஆட்டுப் பட்டியில் கிடந்த விதை

கோட்டைச்சாமி ஊராட்சித் தலைவர். பேரன் பேத்தி எடுத்த மனுஷன். ஆனாலும் எதற்கெடுத்தாலும் மடத்து அம்மாவிடம்தான் ஓடுவார். அம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். அதில் அவருக்கு வெட்கமே கிடையாது. குரு என்றால் குருதான்.

அன்றைக்கும் வந்து நின்றார்.

"அம்மா, நாளைக்கு அதிகாரிங்க வர்றாங்க. ஊரே காய்ஞ்சு கிடக்கு. இருளாயியோட மானாவாரிக் காட்டுல மட்டும் குதிரைவாலி கதிர் முத்தி நிக்குது. அது கண்ணுல பட்டா வறட்சி நிவாரணம் போச்சு. ஒருத்தி பயிருக்காக ஊரு பட்டினி கிடக்கணுமா?"

"அவங்க எதைப் பார்க்க வர்றாங்கன்னு கேட்டீங்களா?"

"இதுல கேக்க என்னம்மா இருக்கு? நம்ம கஷ்டத்தைத்தான்."

அம்மா குடிக்க வைத்திருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு நடந்தார். இருளாயி காட்டுக்குப் போய் அதைப் பயிரின் காலடியில் ஊற்றிவிட்டுத் திரும்பினார்.

பின்னாலேயே போன கோட்டைச்சாமிக்கு எரிச்சல். மடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஊர்ப் பாடு என்ன தெரியும் என்று முணுமுணுத்தார்.

விடிந்ததும் தன் ஆடுகளையே அவிழ்த்துவிட்டார். எல்லாம் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த ஆடுகள். இருளாயி வயிற்றில் அடித்துக்கொண்டு ஓடி வருவதற்குள் காடு மொட்டை.

ஜீப்பில் ஒரு பெண் அதிகாரி வந்து இறங்கினார். தலைவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். குரலை வேறு தழுதழுக்க வைத்துக்கொண்டார். கெட்டிக்காரர்!

"இந்த மண்ணுல ஒரு புல்லுகூட முளைக்காதுங்கம்மா."

அதிகாரியின் முகம் வாடிப்போனது.

"அப்படியா? நிவாரணம் மாவட்டத்துக்கே வருதுங்க. நாங்க அதுக்கு வரலை. மழை இல்லாமலும் நிக்கிற பயிர் எங்க இருக்குன்னு தேடிக்கிட்டு வர்றோம். இருக்கிற ஊர்லயே விதைப் பண்ணையும் அரவை மில்லும் வைக்கப்போறோம். இங்க ஒரு காட்டுல நிக்குதுன்னு சொன்னாங்களே?"

கோட்டைச்சாமி இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

கூட்டத்திலிருந்து இருளாயிதான் சொன்னாள். "நின்னுச்சும்மா. காலையில ஆடு மேஞ்சிருச்சு."

"வீட்டுல விதை இருக்கா?"

"வருஷா வருஷம் காயாம நின்ன கதிரா பொறுக்கிச் சேர்த்த விதை. அம்புட்டையும் காட்டுலதான் போட்டேன். பொட்டு மணி மிச்சமில்ல."

அதிகாரி அந்த மொட்டைக் காட்டில் இறங்கித் தேடிப் பார்த்தார்.

"ஒரு கைப்பிடி இருந்தாக்கூடப் போதும். ரெண்டு நாளைக்குள்ள கொண்டு வாங்க. இல்லேன்னா அடுத்த ஊரைப் பார்க்கணும்."

ஜீப் போய்விட்டது. கோட்டைச்சாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அட பாவி, நான் என்ன காரியம் செய்தேன் என்று தலையிலடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை மடத்துக்கு ஓடினார். அம்மா அங்கே இல்லை. தேடி அலுத்து வீட்டுக்குத் திரும்பினார்.

கொல்லையில், அவருடைய ஆட்டுப் பட்டிக்குள், அம்மா குந்தியிருந்தார். பக்கத்தில் இருளாயி. இரண்டு பேரும் ஆட்டுப் புழுக்கையை உதிர்த்து உதிர்த்து முறத்தில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. அதன் அடியில் செரிக்காமல் வந்த குதிரைவாலி மணிகள் கொஞ்சம் கிடந்தன.

கோட்டைச்சாமி பதறிப்போனார்.

"ஐயையோ! என்னம்மா இது? நீங்க போயி இதுல கை வைக்கலாமா?"

அம்மா இன்னொரு புழுக்கையை எடுத்து உதிர்த்தார்.

"நான் செஞ்சதுக்கு என்னம்மா பரிகாரம்? சொல்லுங்க, எதுன்னாலும் செய்றேன்."

அம்மா ஒரு முறத்தை அவர் பக்கம் தள்ளினார்.

"அரசாங்கம் குடுத்த ஆட்டுக்குள்ள ஊரு விளைவிச்சதைப் போட்டு வச்சிருக்கீங்க. உக்காந்து பிரிச்சு எடுங்க."