ஓட்டை விழுந்த குளம்

ஒரு காட்டுக் குளத்தில் நூறு தவளைகள் கரையைச் சுற்றி வட்டமாகக் குடியிருந்தன. அங்கே ஒரு வழக்கம் உண்டு. வலப்பக்கத்துத் தவளை சொன்ன சேதியை இடப்பக்கத்துத் தவளையிடம் உடனே சொல்லியாக வேண்டும். சொல்லாமல் வைத்திருந்தால் வயிறு உப்பிவிடுமாம்!

கொப்பளான் என்ற தவளை ஒரு நாள் காலையில் நடுக்குளத்தில் பெரிய குமிழி ஒன்றைப் பார்த்தது.

"குளத்துக்கு அடியில ஓட்டை கீட்டை இருக்குமோ?" என்று இடப்பக்கத்து வரியம்மாளிடம் சும்மா கேட்டுவைத்தது. பிறகு ஒரு ஈயைப் பிடித்துத் தின்றுவிட்டுத் தூங்கிப்போனது.

உச்சிவெயிலில் வலப்பக்கத்துத் தொந்தியப்பன் அதை உலுக்கி எழுப்பியது.

"அண்ணே, குளத்துல ஓட்டை விழுந்துடுச்சு! சாயங்காலத்துக்குள்ள சொட்டுத் தண்ணி இருக்காது. எல்லாரும் மலையடி ஏரிக்குக் கிளம்பறோம்."

கொப்பளானுக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'அட, நான் நினைச்சது சரியாப் போச்சே!' என்று ஒரு நொடி பெருமைகூடப் பட்டுக்கொண்டது. அடுத்த நொடியே பிள்ளைகளின் நினைவு வந்தது. அதன் பிள்ளைகள் இருநூறும் தலைப்பிரட்டைகள். ஒன்றுக்கும் இன்னும் கால் முளைக்கவில்லை. ஏரிவரை எப்படித் தத்திப் போகும்?

"தொந்தியப்பா, ஓட்டையை நீ பார்த்தியா?"

"நான் எங்க பார்த்தேன்? பக்கத்துல சொன்னாங்க. நூறு பேர் சொல்றது பொய்யாவா இருக்கும்?"

கொப்பளான் தொந்தியப்பனுக்கு வலப்பக்கத்துத் தவளையிடம் போனது. அதுவும் தனக்கு வலப்பக்கம் கைகாட்டியது. அடுத்ததும் அப்படியே. இப்படிக் குளம் முழுக்கத் தத்தித் தத்தி, நாக்குத் தள்ள, கடைசியில் வரியம்மாளிடம் வந்து சேர்ந்தது.

"அக்கா, உங்களுக்கு யார் சொன்னது?"

"நல்லா இருக்கே கதை! காலையில நீதானேப்பா சொன்னே?"

கொப்பளானுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தடாலென்று நீருக்குள் பாய்ந்து அடிவரை போனது. ஓட்டை எதுவும் இல்லை. கெளுத்தி மீன் ஒன்றுதான் சேற்றில் சோம்பலாகப் படுத்திருந்தது.

"காலையில ஒரு ஏப்பம் விட்டேன். அதுக்கா மேல இத்தனை கூத்து?" என்றது மீன்.

கொப்பளான் மேலே வந்தபோது தவளைகள் மூட்டை முடிச்சுடன் புறப்பட்டுக்கொண்டிருந்தன.

"நில்லுங்க! ஓட்டையே இல்லை. உளறினது நான்தான், மன்னிச்சுடுங்க."

"இல்லைன்னு உனக்கு யார் சொன்னா?" என்று தொந்தியப்பன் கேட்டது.

"யாரும் சொல்லலை. நானே உள்ள போய்ப் பார்த்தேன்."

தவளைகள் திகைத்துப்போயின. இப்படியும் ஒரு வழி இருப்பது அன்றுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை! மூட்டைகளைப் போட்டுவிட்டு நூறும் குளத்துக்குள் தொபுக்கடீரென்று குதித்தன. இருநூறு பிள்ளைகளும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து அப்பாவை மொய்த்துக்கொண்டன.

நீதி: ஒரு சேதியை எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எண்ணாதே, அதைக் கண்ணால் பார்த்தது யார் என்று கேள்.