செவலையின் மூக்கு

மலையடிவாரத்துப் பட்டி ஒன்றில் பால் கறக்கும் செம்மறிகள் இருந்தன. அவற்றில் மூத்தவள் செவலை. அவள் தொட்டியில் வாய் வைத்த பிறகுதான் மற்றவை வைக்கும். மழை பிடித்ததிலிருந்து அவளுக்குப் பால் வற்றிக்கொண்டே வந்தது.

"இன்னும் இறங்கினா சந்தைக்குத்தான்" என்றான் பட்டிக்காரன் மாசிலாமணி. சந்தைக்குப் போன ஆடு எதுவும் திரும்பியதில்லை என்பது செவலைக்குத் தெரியும்.

அவன் மனைவி பூவாயி, மரத்தூள் பைகளில் மருந்துக் காளான் வளர்ப்பவள். பால் ஊறட்டும் என்று, காய்ந்ததை இடித்து, ஒரு பிடித் தூளைத் தீவனத்தின் மேல் தூவினாள்.

"காளான் தின்னு செத்தவங்க கதையெல்லாம் கேட்டதில்லையா நீ?"

"எல்லாக் காளானும் விஷமாங்க? தின்னு பாக்கட்டும், விடுங்க."

இருவரும் நகர்ந்ததும் தொட்டிக்குள் விசாரணை தொடங்கியது.

"யாருய்யா நீ?" என்றது கடலைப் புண்ணாக்கு. "விதை உண்டா? வேர் உண்டா? எந்த ஊரு?"

"மக்கின மரத்துல பொறந்தேன்" என்றது காளான் தூள், சற்று யோசித்து.

"கேட்டியா செவலை? அழுகல்ல பொறந்ததாம்!"

ஆடுகள் நக்குவதற்காக மேலே தொங்கிய உப்புக்கட்டியும் சேர்ந்துகொண்டது. "பேசுறதுக்கு முன்னாடி யோசிக்குது பாரு. ஆள் சரியில்ல."

செவலை குனிந்து முகர்ந்தாள். மண்வாசம், லேசான கசப்பு. மூக்கைச் சுளித்தாள்.

"சந்தேகப்படு, தப்பில்ல" என்றது தூள். "அதே மூக்கால அண்ணாச்சியையும் ஒரு தடவை முகர்ந்துரு."

"என்னையா?" புண்ணாக்கு கத்தியது. "இவ குட்டியா இருந்ததுலேர்ந்து வயித்தை ரொப்புறவன்டா நான்!"

அந்தக் கத்தல்தான் செவலைக்குப் பிடிக்கவில்லை. முகர்ந்தாள். மேலே எண்ணெய் வாசம். அதற்கடியில் ஈரச் சாக்கின் நெடி.

"உன் முதுகுல குடியிருக்கிறது பூசணம்" என்றது தூள், தணிந்த குரலில். "எங்க பங்காளிதான். அவன் போற வீடு எப்படி ஆகும்னு எனக்குத் தெரியும்."

வாசலையே பார்த்து நிற்கிற காவல்காரனுக்குத் தன் முதுகு தெரிவதில்லை.

செவலை பின்வாங்கினாள். பட்டியே பின்வாங்கியது.

மாசிலாமணி ஓடிவந்தான். "பாத்தியா? உன் தூளால எதுவுமே வாய் வைக்கல!"

பூவாயி புண்ணாக்கை உடைத்தாள். முதுகிலிருந்து உள்வரை பச்சைப் பூசணம் பூத்திருந்தது.

"இதுவும் உன் காளான் பரப்பினதுதான்!"

"என் தூள் இன்னிக்குத்தான் தொட்டிக்கு வந்துச்சு. இந்தப் புண்ணாக்கு மூட்டை மழை பிடிச்சதுலேர்ந்து ஒழுகுற மூலையில கிடக்கு. பால் எப்போலேர்ந்து இறங்குச்சு, சொல்லுங்க?"

மாசிலாமணி அந்த மூலைக்குப் போனான். மூட்டையைத் தூக்கிப்போய்க் குழியில் கொட்டினான்.

புதுப் புண்ணாக்கு வந்தது. தூளும் அதோடு சேர்ந்தது. கொஞ்ச நாளில் செவலையின் மடி நிறைந்தது. சந்தைப் பேச்சு நின்றது. காளான் வந்ததாலா, பூசணம் போனதாலா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. செவலையும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. தினமும் முதலில் தூளை முகர்ந்தாள், பிறகு புண்ணாக்கை.

புதுப் புண்ணாக்குக்கு அது அவமானமாக இருந்தது. "நாங்க பரம்பரையா இந்தத் தொட்டிக்காரங்க. எங்களை எதுக்கு முகர்றே?"

"அதனாலதான்" என்றாள் செவலை.