ரோட்டர்டாமில் பொங்கிய பால்

திருப்பூர் பனியன் முதலாளி சென்னியப்பன் வெளிநாட்டில் தன் முதல் ஆபீசை ரோட்டர்டாமில், ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில் பிடித்தார். கூடவே கூட்டிப்போன சமையல்காரி மாராத்தாளிடம், திறப்பு விழாவுக்கு முந்தின நாள் உறுமினார்:

"நாளைக்கு ஒம்பது மணிக்கு வாசல்ல நூறு பேர் நிக்கணும். ஊர்ப் பேப்பருக்குப் போட்டோ வேணும். இல்லேன்னா உன்னைப் பிளேன் ஏத்திடுவேன்!"

"இங்க நம்மள யாருக்குங்க தெரியும்?"

"அது உன் பாடு. உள்ளே விறகு மூட்டிப் பாலும் பொங்கணும்."

"தீ மூட்டக்கூடாதுன்னு செவுத்துல படம் போட்டிருக்குதுங்களே?"

"இங்கே நான் சொல்றதுதான் சட்டம்!"

போன வாரம் யாரோ ரொட்டியைக் கருக்கியதற்கே அபாய மணி அலறி, கட்டிடமே வாசலுக்கு ஓடிவந்ததை மாராத்தாள் பார்த்திருந்தாள். உடனே விறகு தேடப் போனாள்.

மறுநாள் ஒன்பதுக்குப் பால் பொங்கியது, புகை கிளம்பியது, மணி அலறியது. பன்னிரண்டு மாடி ஜனமும் வாசலில் நின்றது. சென்னியப்பனுக்குப் பிளந்த வாய் மூடவில்லை.

"நூறு கேட்டீங்க, நானூறு வந்திருக்குதுங்க" என்று மாராத்தாள் போட்டோவைச் சொடுக்கினாள்.

தீயணைப்பு அதிகாரி பாய்ந்து வந்தார். "சட்டம் தெரியாதா?"

மாராத்தாள் பணிவாக முதலாளியைக் கைகாட்டினாள்.

"சட்டமே இவருதானுங்க!"

ஊர்ப் பேப்பரில் கூட்டத்தோடு பிளந்த வாயும் வந்தது. பிளேன் பேச்சை அப்புறம் அவர் எடுக்கவேயில்லை.