நாலு சதுரமும் ஒரு முடிச்சும்

முன்னொரு காலத்தில், மேகம் படியேறி வந்து சமையற்கட்டுவரை எட்டிப்பார்க்கும் மூடுமலை நாட்டைத் திண்தேரன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். தேர் ஓடச் சமதரையே இல்லாத நாட்டில் அரசனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்கக் கூடாது. பெயர் சூட்டிய புலவருக்கு மலையேறும் பழக்கம் இல்லை.

அரசி இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. அன்றிலிருந்து அரசனுக்கு நாளொரு கட்டளை. ஆட்டுக் கழுத்தில் மணி கூடாது என்பான். மறுநாள், மணியில்லாத ஆடெல்லாம் திருட்டு ஆடு என்பான். ஒரு கட்டளை மட்டும் மாறவே இல்லை: அவன் சாப்பிடும்போது எதிரே யாரும் உட்காரக் கூடாது. அவனுடைய மகள் நல்லினி மாளிகையின் மறுகோடியில் சாப்பிட்டாள். அவள் முகத்தில் தாயின் சாயல் இருந்ததால் அரசன் அந்தப் பக்கமே போவதில்லை. அரண்மனையில் நானூறு பேர் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் தனியாக இருந்தார்கள்.

அந்தக் குளிர்நாட்டில் ஒரு வழக்கம். வீட்டுக்கொரு பெரிய போர்வை இருக்கும். வீட்டாரின் பழைய துணிகளை வெட்டி, சதுரக் கட்டங்களாகத் தைத்துச் சேர்த்தது. ஏழு வயதானதும் பெண்பிள்ளை தன் கட்டத்தைத் தானே தைக்க வேண்டும். தாய்தான் சொல்லிக்கொடுப்பாள், தாய் இல்லையென்றால் தாய்வீட்டார். தந்தை சொல்லிக்கொடுக்கத் தடையில்லை. எந்தத் தந்தையும் முன்வந்ததில்லை, அவ்வளவுதான்.

நல்லினிக்கு ஏழு வயது நிறைந்த அன்று அரசன் சபையில் அறிவித்தான். "பௌர்ணமிக்குள் இங்கேயே அவள் கட்டம் தைக்க வழி சொல்லுங்கள். இல்லையென்றால் அவளுடைய மாமன் நாட்டுக்கு அனுப்பிவிடுவேன். வளர்ந்த பிறகு வரட்டும்."

அமைச்சர் நக்கண்ணர் அன்று மாலை குழந்தையைப் பார்க்கப் போனார். தாயின் சேலைப்பெட்டி அருகே அவள் உட்கார்ந்திருந்தாள். மடி நிறைய நூல். நூல் நெடுக முடிச்சுகள்.

"நாள் முழுக்க இதுதான் வேலை, ஐயா" என்றாள் பணிப்பெண்.

"மாமன் ஊருக்குப் போகிறாயாம்மா?" என்றார் அமைச்சர்.

"அங்கே அம்மா சேலை இருக்காதே" என்றாள் குழந்தை.

பௌர்ணமியும் வந்தது. சபையில், அரண்மனைத் துணிமணிகளைக் கவனிக்கும் உடைச்சாலைத் தலைவர் சேந்தனார் ஒரு தாமரைக் கட்டத்தை விரித்தார். தொண்ணூற்றாறு துண்டுகள். அரசர் ஒரு பட்டைப் பாராட்டினால், அதை நெய்தவரைவிட நிமிர்ந்து நிற்பவர் அவர். அமைச்சர்மேல் பழைய பொறாமையும் உண்டு.

"அரசகுமாரிக்கு இதைவிடக் குறைந்தது ஆகாது, அரசே!"

"அமைச்சர் என்ன கொண்டுவந்தீர்?" என்றான் அரசன்.

நக்கண்ணர் நாலு துண்டுத் துணியை எடுத்து வைத்தார். இரண்டு வெளிர்நிறம், இரண்டு அடர்நிறம். "நாலு சதுரம்."

சேந்தனார் வயிறு குலுங்கச் சிரித்தார். "இதைக் குரங்குகூடத் தைக்குமே!"

"குரங்குக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், இன்னும் வரவில்லை. அதுவரை தாங்கள் தைத்துக் காட்டினால் என்ன?"

"நானா? ஊசியையா?"

அரசனுக்கு அது வேடிக்கையாகப் பட்டது. "தையுமையா!"

சேந்தனார் நூல் கோப்பதற்குள், நல்லினியை மாமன் நாட்டுக்குக் கொண்டுபோக வாசலில் காத்திருந்த பல்லக்குத் தூக்கிகள் ஒரு தூக்கம் போட்டு எழுந்தார்கள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தார். முடித்துவிட்டேன் என்று கம்பீரமாக எழுந்தபோது சதுரமும் கூடவே எழுந்தது. சொந்த அங்கவஸ்திரத்தோடு சேர்த்துத் தைத்திருந்தார். இழுத்ததும் நூல் முழுக்க உருவிக்கொண்டு கையோடு வந்தது.

ஓராண்டில் முதல்முறையாக அரசன் சிரித்தான். "உமக்குக் குரங்கே தேவலை!"

"அரசர் சிரிப்பதைப் பார்த்தால், அரசருக்குத் தைக்கத் தெரியும் போலிருக்கிறது" என்றார் நக்கண்ணர்.

அரசனின் முகம் சிவந்தது. "கொடும் இப்படி!"

குத்தினான், இழுத்தான், நூல் உருவிக்கொண்டு வந்தது. மீண்டும் குத்தினான், மீண்டும் வந்தது. சபையில் தையல் அறிந்த பெண்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அரசனிடம் யார் சொல்வது? ஆறாம் முறையும் வெறும் நூல் கையில் தொங்கியது.

"முடிச்சு போடணும்ப்பா."

தூணருகே நல்லினி நின்றிருந்தாள். யாரும் கூப்பிடவில்லை, மெல்ல வந்து, நூலின் நுனியை விரலில் சுற்றி, உருட்டி, இழுத்தாள். அரிசிமணி அளவில் ஒரு முடிச்சு விழுந்தது.

அரசன் அதையே பார்த்தான். "யார் சொல்லிக்கொடுத்தார்கள்?"

"அம்மா. முடிச்சு மட்டும்தான் சொல்லிக்கொடுத்தா. அதுக்குள்ள..." நிறுத்தினாள். "மீதி எனக்குத் தெரியாது."

அரசன் அந்த முடிச்சை விரலால் தடவிக்கொண்டே சொன்னான்: "எனக்கும் தெரியாது."

இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். பணிப்பெண்ணிடம் அரசன் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டான். தெரிந்ததை மகளுக்குச் சொன்னான். நிலா எழுவதற்குள் நாலு சதுரமும் ஒன்றாயின, கோணலாக. மாமன் நாட்டுக்குப் போகவிருந்த பல்லக்கு கொட்டகைக்குத் திரும்பியது.

"குழந்தைக்கு எளிதாகத்தான் தேர்ந்தெடுத்தீர்" என்றான் அரசன் அமைச்சரிடம்.

"குழந்தை தாமரையையே தைத்துவிடுவாள், அரசே. தங்களுக்கு எளிதானதைத் தேடினேன்."

அரசன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "என்ன பரிசு வேண்டும்?"

"தாங்கள் சாப்பிடும் இடத்தில், எதிரே ஒரு சிறிய பலகை போட அனுமதி."

அன்றே போடப்பட்டது. சேந்தனாருக்கு ஒரு பணிதான்: தொண்ணூற்றாறு துண்டையும் பிரித்து, மறுபடி தானே தைக்க வேண்டும். முடிச்சுப் போடுவதை நல்லினியிடம் போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று அரசன் சலுகை தந்தான்.

அரண்மனைப் போர்வையில் அந்தக் கட்டத்தை மட்டும் எவரும் கண்டுகொள்வார்கள். நாலு மூலையும் நடுவில் சேரவில்லை. ஒரு விரல் நுழையும் இடைவெளி. மார்கழியில் அதன் வழியே குளிர் வரும். தந்தையும் மகளும் அதற்குப் பிறகு எத்தனையோ தைத்தார்கள், ஆனால் அந்த இடத்தை மட்டும் மூடவே இல்லை. அது யாருடைய இடம் என்று இருவருக்கும் தெரியும்.