முகம் திரும்பும் இடம்

"ஏனுங்க டீச்சர், ஒரு முகத்துக்கு எத்தனை புள்ளி வைக்கணும்?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

ஷாகிதா அவருடைய திரையை எட்டிப் பார்த்தாள்.

அவளுக்கு அவருடைய மகள் வயது இருக்கும். ஈரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் கம்ப்யூட்டரில் படம் வரையச் சொல்லிக்கொடுத்து வந்தாள். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த நாச்சிமுத்துதான் அவளிடம் படிப்பவர்களில் மூத்தவர்.

அவர் வரைந்துகொண்டிருந்தது மனைவி மரகதத்தின் முகம்.

மரகதம் பருப்புப் பொடி செய்து விற்க ஆரம்பித்திருந்தாள். வெள்ளிக்கிழமை கண்காட்சியில் முதல் முறையாகக் கடை போடப் போகிறாள். பாக்கெட்டில் ஒட்ட லேபிள் வேண்டும், வாசலில் கட்ட பேனர் வேண்டும். இரண்டுக்கும் ஒரே படம்; எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையக் கூடாது. அப்படியானால் வெக்டரில்தான் வரைய வேண்டும் என்றாள் ஷாகிதா. புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்து, கோட்டை வளைத்து வரைகிற படம்.

நாச்சிமுத்து மரகதத்தின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை அடியில் வைத்து, அதன் மேல் எறும்பு ஊர்வதுபோல நெருக்கி நெருக்கிப் புள்ளி வைத்திருந்தார். ஒரு சுருக்கத்தைக்கூட விடவில்லை.

"வீட்ல காட்டினீங்களா அண்ணா?"

"காட்டினேனுங்க. நல்லாத்தான் இருக்குது, யாரு இதுன்னு கேக்கறா."

ஷாகிதா சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மவுஸை வாங்கினாள். கன்னத்தில் ஒரு புள்ளியை அழித்தாள்.

கன்னம் அப்படியே இருந்தது.

இன்னொன்றை அழித்தாள். இன்னும் சிலவற்றை. நாச்சிமுத்து நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். நாள் கணக்கில் வைத்த புள்ளிகள். எல்லாம் போயும் கன்னம் கன்னமாகவே இருந்தது.

தாடைக்குக் கீழே ஒன்றை அழித்தாள். முகம் சட்டென்று சரிந்து, பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது.

அந்தப் புள்ளியை மட்டும் திரும்ப வைத்தாள்.

"அதுக்கு மட்டும் என்னங்க அப்படி?"

"கோடு அங்கதான் திரும்புது."

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து போய்விட்டாள்.

நாச்சிமுத்துவுக்கு அது பிடித்துப்போயிற்று. அன்று முழுக்க ஒவ்வொரு புள்ளியாக அழித்துப் பார்த்தார். முகம் அசையாவிட்டால் அந்தப் புள்ளி வீண். அசைந்தால் வேண்டும். கடைசியில் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் மிஞ்சின. கோடுகள் வழவழவென்று ஓடின.

மறுநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"இப்பவும் அவ இல்லீங்களாம். அவளோட அக்கா மாதிரி இருக்குதாம்."

ஷாகிதா அடியில் இருந்த போட்டோவை அழித்தாள். வரைந்ததையும் அழித்தாள். திரை வெள்ளையாக நின்றது.

"இப்ப வரைங்க அண்ணா."

"பாக்காம எப்படிங்க வரையறது?"

"கல்யாணம் ஆகி எத்தனை வருசம்?"

"இருபத்தெட்டுங்க."

"அப்புறம் என்ன?"

அவர் மவுஸைப் பிடித்தார். புருவத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று நினைத்தார். மரகதத்தின் புருவம் எந்த இடத்தில் வளையும்? யோசித்தார். உதட்டுக்குப் போனார். சிரிக்கும்போது எந்தப் பக்கம் முதலில் மேலே போகும்?

மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"தெரியலீங்க டீச்சர்."

ஷாகிதா அவருடைய கம்ப்யூட்டரை அணைத்தாள்.

"வீட்டுக்குப் போங்க."

வீட்டில் மரகதம் பருப்பு வறுத்துக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து சமையல்கட்டு வாசப்படியில் உட்கார்ந்தார். அவர் அங்கே வந்து உட்காருகிற ஆள் இல்லை.

"என்னுங்க, காப்பி வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாம்."

பருப்பு பதம் வந்ததா என்று அவள் கண்ணால் பார்க்கவில்லை. வாணலிக்கு மேலே குனிந்து, கண்ணைப் பாதி மூடி, மோந்தாள். அப்போது இடது புருவம் மட்டும் தனியாக மேலே போனது. பதம் வந்ததும் உதட்டின் ஓரம் துளி உள்ளே மடங்கியது.

இத்தனை வருசமும் இது இங்கேதான் நடந்துகொண்டிருந்ததா? அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. அடுத்து எது அசையும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்படிப் பாத்துட்டு இருந்தா பருப்பு கருகிப் போயிரும்" என்றாள் மரகதம். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது மடல் சிவந்திருந்தது. அதுவும் அவருக்குப் புதிது.

வியாழக்கிழமை நாச்சிமுத்து மாடியேறி வந்தார்.

"வரைஞ்சிரலாமா அண்ணா? சாயங்காலத்துக்குள்ள பிரஸ்ல குடுக்கணும்."

"லேபிள்ல பேரு மட்டும் போட்டுக் குடுத்துருங்க டீச்சர்."

"முகம்?"

"இன்னும் பாத்து முடிக்கலீங்க."

ஷாகிதா அவரைப் பார்த்தாள். "வீட்ல அக்கா என்ன சொன்னாங்க?"

நாச்சிமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மெதுவாப் பாருங்கன்னாளுங்க."